ஏழாம் போர்டு அக்காவின் மூச்சு

எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஏழாம் போர்டு அக்கா என்பதே அவர் பெயராகியிருந்தது. எழுபதுகளில் திருச்சியிலிருந்து வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு, மணிக்கணக்கில் போன் பக்கத்திலேயே காத்திருக்க வேண்டும். அந்தப் பதிவுகளைச் சீட்டில் எழுதி, ஒயர்களைத் துளைகளில் சொருகி, ஓர் ஊரை இன்னோர் ஊரோடு சேர்த்துவைத்த பெண்கள் நாங்கள். நான் எட்டாம் போர்டு. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

அவரைப் பற்றி ஒன்றுதான் சொல்ல முடியும் என்றால், அவருடைய காதைத்தான் சொல்வேன். லால்குடியில் ஓர் அரிசி மில்காரர் தினமும் காலையில் சென்னைக்குப் பதிவு செய்வார். ஒருநாள் அவர் "ஹலோ" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அக்கா கேட்டார்: "என்ன முதலாளி, பல்லு புடுங்கிட்டீங்களா?" "நேத்து சாயங்காலம்தாம்மா. உங்களுக்கு யார் சொன்னா?" என்றார் அவர். யாரும் சொல்லவில்லை. "ஹலோவுல காத்து ஒழுகுது" என்று என்னிடம் சொல்லிவிட்டு அக்கா அடுத்த சீட்டை எடுத்தார்.

இன்னொரு நாள் நடந்தது சிரிப்பதற்கில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் பம்பாயில் இருக்கும் மகனோடு பேசப் பதிவு செய்திருந்தார். தனியாக இருப்பவர். லைன் கிடைத்ததும் நான் மணி அடித்தேன். போனை எடுத்த சத்தம் கேட்டது, பேச்சு இல்லை. மூன்று முறை "ஹலோ" சொல்லிப் பார்த்துவிட்டு ஒயரை உருவப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். என் ஹெட்செட்டை வாங்கிக் காதில் வைத்துக் கண்ணை மூடினார்.

"எடுக்காத. ஆள் இருக்காரு. மூச்சு வருது. அதுவும் தரையில கெடந்து விடுற மூச்சு."

அந்தத் தெருவில் போன் இருந்த ஒரு மளிகைக் கடைக்கு அவரே மணி அடித்து, ஓடிப் போய்ப் பார்க்கச் சொன்னார். ஹெட்மாஸ்டர் போனைக் கையில் பிடித்தபடி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். பிழைத்துவிட்டார். மறுவாரம் மகன் பம்பாயிலிருந்து மாலையோடு எக்ஸ்சேஞ்சுக்கே வந்து நின்றபோது, அக்கா சாப்பிடும் அறையை விட்டு வெளியே வரவில்லை. "மூச்சு விட்டா சத்தம் வரும். அது கேட்டுச்சு. இதுக்கு என்னத்துக்கு மாலை?" என்றார்.

அக்காவின் வீடும் ஸ்ரீரங்கத்தில்தான், கடைசிச் சுற்று வீதியில் ஒரு மாடிப் போர்ஷன். இரண்டு அறை, வெளியே மொட்டை மாடி. கணவர் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்தார். குழந்தை இல்லை. மொட்டை மாடியில் மரப்பெட்டிகளை அடுக்கி இருபத்திரண்டு புறாக்கள் வளர்த்தார்கள். கணவருக்கு அதில் அவ்வளவு ஆசை கிடையாது. எல்லாம் அக்காவுடையவை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனதும் சேலையைக்கூட மாற்றாமல் பெட்டிகளைத் திறந்துவிட்டு நடுவில் உட்கார்ந்துவிடுவார்.

"எட்டு மணி நேரம் இந்தக் காதுல எல்லாரும் கத்துறாங்க. இதுங்க ஒண்ணும் கேக்காம பேசுதுங்க" என்று ஒருமுறை சொன்னார். நான் போயிருந்தபோது, திரும்பிப் பார்க்காமலேயே எந்தப் புறா குரல் கொடுக்கிறது என்று சொல்லிக் காட்டினார். சாம்பல் ஜோடி, கால் ஊனமானது, கழுத்தில் வெள்ளை வளையம் உள்ளது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

எழுபதுகள் முடியும் சமயம் அவருக்கு இருமல் வந்தது. சளி வராத வறட்டு இருமல். எங்கள் அறை இரண்டாவது மாடியில். மேலே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். லைனில் பேசுகிறவர்களிடம் "மூணு நிமிஷம் ஆச்சு, இன்னும் பேசுறீங்களா?" என்று கேட்பதற்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. சாயங்காலமானால் காய்ச்சல். ஆறே மாதத்தில் ரவிக்கை எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது.

டவுனில் பெயர் பெற்ற ஒரு நெஞ்சு டாக்டரிடம் கணவர் கூட்டிக்கொண்டு போனார். எக்ஸ்ரே எடுத்தார்கள். சளியைச் சோதித்ததில் கிருமி தெரியவில்லை. "படத்துல இருக்கு. டி.பி.தான்" என்றார் டாக்டர். தினமும் ஓர் ஊசி, தொண்ணூறு நாள். மாத்திரை ஒன்றரை வருஷம். முட்டையும் பாலும் நிறையக் கொடுத்து எதிர்ப்பு சக்தியை ஏற்றச் சொன்னார்.

ஆபீசில் செய்தி பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. அவருடைய டம்ளரைத் தனியாக ஜன்னலில் வைத்தார்கள். வைத்தது இன்னொருத்தி. நான் செய்தது அதைவிட மோசம். ஹெட்செட்டுகள் எல்லோருக்கும் பொதுவானவை. ஒரு ஷிப்டில் அவர் மாட்டியதை அடுத்த ஷிப்டில் நான் மாட்ட வேண்டியிருக்கும். நான் சூப்பர்வைசர் அம்மாவிடம் போய், தாழ்ந்த குரலில், "அந்த அக்காவுக்குத் தனியா ஒண்ணு குடுத்துடுங்க மேடம்" என்றேன். அறையின் அந்தக் கோடியில் அக்கா சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஒரு ஹெட்செட்டைத் துணிப் பையில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ சொன்னது கேட்டுச்சும்மா. தப்பில்ல. உங்கம்மாவுக்கு நீ ஒருத்திதானே."

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த "தப்பில்ல" எனக்கு ஆறவில்லை.

ஊசி ஐம்பது நாள் தாண்டியிருக்கும். அக்கா அடிக்கடி தலையை ஒரு பக்கம் சாய்க்க ஆரம்பித்தார். "கரண்ட் கம்பத்துக்குப் பக்கத்துல நின்னா ஒரு ரீங்காரம் வருமே, அது உள்ள கேட்டுக்கிட்டே இருக்கு" என்றார். நடக்கும்போது லேசாகத் தள்ளாடினார். டாக்டரிடம் சொன்னதற்குப் பலவீனம் என்றாராம். ஊசியை நிறுத்தினால் நோய் முற்றிவிடும் என்றும் சொன்னாராம். அவர் அவ்வளவு உறுதியாகச் சொல்லும்போது இவர்கள் என்ன செய்வார்கள்? தொண்ணூறையும் போட்டு முடித்தார்கள்.

ஒருநாள் மதியம் ஒரு பெரியவர் காரைக்குடிக்குப் பேச வேண்டுமென்று அவசரக் கால் கேட்டார். அக்கா காரைக்காலுக்குப் போட்டுவிட்டார். அவர் திரும்பக் கூப்பிட்டுக் கத்தினார். மறுபடியும் காரைக்கால். மூன்றாவது தடவை நான் குறுக்கே புகுந்து சரி செய்தேன். அந்த மனிதர் தன் தம்பி இறந்த செய்தியைச் சொல்லக் கூப்பிட்டவர். முக்கால் மணி நேரம் வீணாகியிருந்தது.

அக்கா ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாம் போர்டு அக்காவுக்குக் காது கேட்கவில்லை என்பதை எங்களால் நம்ப முடியவில்லை.

அவரை மூன்று வாரம் ஊருக்கு வெளியே ஒரு நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது. இருமல் குறைந்தது. இரண்டு கிலோ ஏறினார். வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். "வீட்டுல வேலை செய்றாங்க, ஓய்வு எடுக்கிறதில்ல" என்றார் டாக்டர். மறுபடி சேர்த்தார்கள், மறுபடி சரியானது. வீட்டுக்கு வந்தார், மறுபடி காய்ச்சல்.

அந்தச் சமயம்தான் நான் வெட்கத்தை விட்டுப் பார்க்கப் போனேன். மாடி ஏறியதும் கண்ட காட்சி நினைவிலிருந்து போகவில்லை. புறாப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் பாய் விரித்து அதில் படுத்திருந்தார். புறாக்கள் சிறகை அடிக்க அடிக்க, வெயிலில் வெள்ளையாக ஒரு தூள் எழும்பி அவர் மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க்கா இங்க படுத்திருக்கீங்க?"

உரக்கக் கேட்டதால் புரிந்துகொண்டார். "புறா இறகுக் காத்து பட்டா நெஞ்சுக்கு நல்லதாம். வீட்டுக்காரம்மா சொன்னாங்க. அவங்க சூப்பு வச்சுக் குடிக்கச் சொல்றாங்க. அதுக்கு எனக்கு மனசு வரல. காத்தாவது படட்டுமே."

எனக்கும் அப்போது ஒன்றும் தெரியாது. நல்லதுதான் போல என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பாயிலேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தேன்.

அந்த வருஷம் திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு லேடி டாக்டர் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நாகர்கோவிலில் இருந்த தன் அம்மாவோடு பேசப் பதிவு செய்வார். நாங்கள் பதிவு செய்கிறவர்களோடு சொந்தக் கதை பேசக் கூடாது. ஆனாலும் ஒரு ஞாயிறு, லைனுக்குக் காத்திருந்தபோது, "டாக்டர், ஒரு நிமிஷம்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"ஆஸ்பத்திரியில இருந்தா நல்லாருக்கு, வீட்டுக்குப் போனா அன்னைக்கே காய்ச்சல். சரியாச் சொல்றீங்களா?"

"ஆமாங்க டாக்டர். ரெண்டு தடவையும்."

"எல்லா எக்ஸ்ரேயும் எடுத்துட்டு நாளைக்கே வரச் சொல்லுங்க."

அக்காவோடும் அவர் கணவரோடும் நானும் போனேன். டாக்டர் அக்காவின் விரல் நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு, அக்காவுக்குக் காது மந்தம் என்று அறிந்து, அதை என் காதில் மாட்டிவிட்டார். அக்கா மூச்சை உள்ளே இழுத்தபோது, கடைசியில், பொரபொரவென்று ஒரு மெல்லிய சத்தம்.

"என்னம்மா கேக்குது?" என்றார் அக்கா.

"காதோரத்து முடிய ரெண்டு விரலால உரசுனா வருமேக்கா, அந்த மாதிரி."

அவர் தன் காதோரத்து முடியை எடுத்து விரலால் உரசிப் பார்த்தார். அந்தப் பக்கம் உரசினார், இந்தப் பக்கம் உரசினார். எங்கள் இருவரையும் பார்த்துத் தலையை ஆட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

அதற்குப் பிறகுதான், அதுவரை எவரும் கேட்காத கேள்வியைக் கேட்டார். "வீட்டுல ஆடு, மாடு, கோழி ஏதாவது வளக்குறீங்களா?"

"புறா" என்றார் அக்காவின் கணவர்.

பத்து நாள் அந்த வீட்டுப் பக்கமே போகாமல் வேறு எங்காவது இருக்கட்டும் என்றார் டாக்டர். உறையூரில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். டி.பி. என்ற பயத்தோடுதான் அம்மா சம்மதித்தாள். நான்காம் நாள் காய்ச்சல் இல்லை. ஏழாம் நாள், எங்கள் தெருக்கோடிக் குழாயிலிருந்து நான் தடுத்தும் கேளாமல் ஒரு குடம் தண்ணீர் தூக்கி வந்தார். அம்மா தன் தட்டிலேயே அவருக்குச் சோறு போட்டாள்.

பத்தாம் நாள் நான் டியூட்டிக்குப் போயிருந்தேன். அக்கா எவரிடமும் சொல்லாமல் டவுன் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போயிருக்கிறார். மதியம் முழுக்க மொட்டை மாடியில் உட்கார்ந்து, பெட்டி பெட்டியாகக் கூட்டிச் சுத்தம் செய்துவிட்டு எங்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். நான் ஏழு மணிக்கு வந்தபோது பற்கள் கிடுகிடுக்க, அம்மாவின் இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். மூச்சு எட்டவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஏங்க்கா போனீங்க?"

"எனக்குத் தெரிஞ்சாகணும்மா. இன்னொருத்தர் சொல்லி நான் அதுங்கள விட மாட்டேன்."

ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கொண்டுபோனோம். அவருக்கு வந்த கோபத்துக்கு எங்களை வெளியே அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, இரண்டு நாள் கழித்துத்தான் பேசினார். அக்காவின் காதருகே குனிந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"இது கிருமி இல்லீங்க. டி.பி. இல்ல. புறாவோட இறகுத் தூளு, காஞ்ச எச்சத்தோட தூளு காத்துல கலந்து எல்லாருக்கும்தான் உள்ள போகுது. உங்க வீட்டுக்காரருக்கும் போகுது. அவருக்கு ஒண்ணும் ஆகல. உங்க உடம்புல இருக்கிற எதிர்ப்பு சக்தி அந்தத் தூளை விரோதின்னு முடிவு பண்ணிடுச்சு. அதை அழிக்கிறேன்னு உங்க நுரையீரலோட மெல்லிசான சுவர்ல போய் சண்டை போடுது. ஒவ்வொரு தடவையும் அது வீங்கி, வீங்கி, இப்ப சில இடம் தழும்பாயிடுச்சு. தழும்புக்குள்ள காத்து போகாது."

அக்கா வெகுநேரம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு வருஷமா வளக்குறேனே. அப்பல்லாம் சும்மா இருந்த உடம்பு இப்ப ஏன்?"

"அது எங்களுக்கும் தெரியாதுங்க."

"எதிர்ப்பு சக்தி கம்மின்னு சொல்லி ஒரு வருஷமா முட்டையும் பாலும் குடுத்தாங்க."

டாக்டர் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஊசியால் போன காது திரும்புமா என்று கணவர் கேட்டதற்கு, திரும்பாது என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

புறாக்களைக் கணவர் கூடைகளில் அடைத்து திருவெள்ளறைப் பக்கம் ஒரு சிநேகிதர் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்தார். மூன்றாம் நாள் பதினேழு திரும்பி வந்து மொட்டை மாடிச் சுவரில் உட்கார்ந்திருந்தன. அக்கா ஜன்னல் கதவைச் சாத்தி, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கணவர் வந்ததும், "இன்னும் தூரமா கொண்டு போங்க. பெட்டிய உடைச்சு அடுப்புக்கு வைங்க. சுவத்தையெல்லாம் கழுவி வெள்ளையடிங்க. நான் கேட்டாலும் ஒண்ணுகூட வச்சுக்காதீங்க" என்றிருக்கிறார். ஒருமுறை கூட அவர் கேட்கவில்லை என்று கணவர் பிற்பாடு சொன்னார்.

அவர் போர்டுக்குத் திரும்பவில்லை. டைரக்டரி திருத்தும் பிரிவில் வேலை கொடுத்தார்கள். மாத்திரையால் முகம் உப்பி, அடையாளம் தெரியாமல் மாறியிருந்தார். தழும்பு பட்ட இடம் தழும்பாகவே நின்றது. அதற்கு மேல் பரவவில்லை. மாடி ஏற முடியாதென்பதால் கீழ் வீட்டுக்குக் குடி மாறினார்கள். எண்பதுகளின் பின்பாதியில் ஒரு மழைக்காலத்தில் சாதாரணச் சளி பிடித்து, அந்த நெஞ்சு அதைத் தாங்காமல், நான்கே நாளில் இறந்துபோனார்.

ஆனால் எனக்கு அவர் என்றால் நினைவுக்கு வருவது அதற்கும் வெகு முன்னால், நோய் இன்னதென்று தெரிந்து இரண்டு மாதம் கழித்து நடந்தது. "என் கூட ஒரு இடத்துக்கு வா" என்று கூப்பிட்டார். முதலில் பார்த்த அந்த டவுன் டாக்டரின் கிளினிக். சண்டை போடத்தான் போகிறார் என்று நினைத்தேன். வராந்தாவில் முப்பது பேர் காத்திருந்தார்கள். உள்ளறைக்குக் கதவு இல்லை, ஒரு பச்சைத் திரைதான்.

அக்கா லேடி டாக்டர் எழுதிய கடிதத்தையும் எக்ஸ்ரேக்களையும் டவுன் டாக்டரின் மேஜையில் வைத்தார். காது போனவர்கள் பேசுவதுபோல, தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று தெரியாமல் பேசினார்.

"உங்கள குத்தம் சொல்ல வரல டாக்டர். என்ன மாதிரி இன்னொருத்தி வந்தா, வீட்டுல என்ன வளக்குறேன்னு ஒரு வார்த்தை கேளுங்க. காதுல சத்தம் கேக்குதுன்னு சொன்னா ஊசிய நிறுத்துங்க. இத சொல்லத்தான் வந்தேன்."

அவர் கடிதத்தைப் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, தலை நிமிராமல், மிகவும் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றாரு?"

நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் திரைக்கு அப்பால் இருக்கும் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, சொல்லுங்கள் என்பதுபோலத் தலையை அசைத்தார். அக்காவின் காதருகே போய்ச் சொன்னேன். கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன். அவர் என் வாயைப் பார்த்தபடி, "கொஞ்சம் சத்தமா சொல்லும்மா" என்றார்.

வராந்தா முழுக்கக் கேட்கும்படி நான் கத்தினேன். "தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்கன்னு சொல்றாருக்கா."

அக்கா எக்ஸ்ரேக்களை ஒவ்வொன்றாக உறையில் போட்டார். டாக்டரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "கேட்டுச்சுங்க" என்றார்.